மரத்துப்போன கழுத்து

அந்தப் பூங்காவின் ரோலர் கோஸ்டரில் தினமும் முதலில் ஏறுகிறவர் அவர்தான். வாசல் திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வந்து, காலி வண்டியில் தன்னந்தனியாக மூன்று சுற்று போவார். முன் இருக்கையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. பதினெட்டு வருஷமாக இதே வேலை. கூட வேலை செய்தவர்கள் 'போணி' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மேலிருந்து விழும்போது வயிறு தொண்டைக்கு வருகிறதே, ஜனங்கள் அதற்குத்தான் வருகிறார்கள். ஆனால் வளைவில் பக்கவாட்டாக ஒரு வெட்டு வெட்டினால், அப்புறம் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை கருவி வைத்து அளப்பார்கள். மற்ற நாட்களில் அளவுகோல் போணியின் உடம்புதான்.

"மூணாவது வளைவுல இடது காது கம்பியில இடிக்குதும்மா" என்பார் பொறியாளர் அம்மாளிடம். "அந்தப் பெரிய இறக்கத்துக்கு அப்புறம் மூச்சு விட ஒரு இடம் வேணும். இல்லேன்னா பயம் போய் வெறும் தலைவலிதான் மிஞ்சும்."

அந்த அம்மாள் வேகத்தைக் குறைப்பார், தோள் மெத்தையை மாற்றுவார். மறுநாள் போணி மறுபடி ஏறிப் பார்ப்பார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்குக் கழுத்து மரத்துப்போக ஆரம்பித்தது. ஒருநாள் சவரம் செய்யும்போது பிளேடு கீறி ரத்தம் வழிந்ததை மனைவி சொல்லித்தான் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்ங்க."

"காட்டினா வண்டியில ஏற விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும்? விடு."

எட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் மூன்று சுற்று போய்விட்டு, பதிவேட்டில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சக்கரங்கள் தேய்ந்து, வண்டி வளைவுகளில் வெட்ட ஆரம்பித்தது அப்போதுதான். ஒரே வாரத்தில் ஒன்பது பேர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் மகளோடு வந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் விலகிவிட்டது.

பொறியாளர் அம்மாள் அவரைக் கூப்பிட்டார். "அண்ணே, அந்த வாரம் பூரா நீங்கதானே காலையில போனீங்க. ஒண்ணும் தெரியலையா?"

காலையில் நன்றாகத்தான் ஓடியது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"தெரியலம்மா. எட்டு மாசமா எனக்குக் கழுத்தே தெரியல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ணே" என்றார் அந்த அம்மாள்.

சக்கரங்கள் மாற்றும்வரை வண்டி பதினோரு நாள் நின்றது. போகவேண்டாம் என்று மேலிடம் சொல்லியும், போணி தையல்காரப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனார். அவள் கழுத்தில் பட்டையோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். மிஷின் மேல் பழைய புடவை போர்த்தியிருந்தது. தான் யார், என்ன வேலை என்று சொன்னார்.

"தினமும் நீங்கதான் முதல்ல போவீங்களா?" என்று அவள் கேட்டாள். "அப்போ உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிக்கலம்மா. வலிக்காததைத்தான் மறைச்சுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். "குனிஞ்சு ஒரு பட்டன் வைக்க முடியல எனக்கு. நீங்க கிளம்புங்க."

அவர் கொண்டுபோன பழப்பையை, மகள் வாசல்வரை வந்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அதன்பிறகுதான் டாக்டரிடம் போனார். முன்னமே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். பூங்காக்காரர்கள் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. சக்கரக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். அங்கே ஒவ்வொரு சக்கரத்தின் தேய்மானத்தையும் இரண்டு தடவை அளக்கிறார். மேலே வண்டி போகும்போது கிடங்கின் தகரம் அதிரும். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பலனில்லை என்று டாக்டர் சொன்னது தெரிந்தும், மனைவி தினமும் அவர் கழுத்தில் தைலம் தேய்க்கிறாள்.

"கை படுறது தெரியுதா?"

"தெரியலம்மா."

அவள் இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்துக்கொள்கிறாள்.