வெள்ள நிவாரணமும் ஒரு ஃபிரிட்ஜும்

எங்கள் தீவில், கேம்பல் பே என்ற ஊரில், சுனாமி அலை வந்து எங்கள் வீட்டை வாரிக்கொண்டு போனபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மெயின்லேண்டிலிருந்து வந்த நிவாரண மூட்டையில் எனக்குக் கிடைத்தது ஒரு கம்பளி ஸ்வெட்டர். வருஷம் முழுக்க வியர்க்கிற ஊரில் ஸ்வெட்டர்! சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். ஆனாலும் முகாமில் அதைத்தான் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கினேன். முகம் தெரியாத யாரோ நம்மை நினைத்திருக்கிறார்கள் என்பதே அன்று பெரிய தைரியமாக இருந்தது.

அதனால்தான், சில வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டில் வெள்ளம் வந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்போது துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் குவார்ட்டர்ஸ் வீடு எங்களுக்கு. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்கு வீட்டிலேயே தையல். எதிர்வீட்டில், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. கூடப் பிறக்காத குறைதான். என் அடுப்பில் மீன்குழம்பு கொதித்தால் தட்டோடு வந்து நிற்பான்.

"அக்கா, வசூல் பண்ணி ஒண்ணா அனுப்பிடலாம். நீங்க கூட வந்தா யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க" என்றான்.

கப்பல் டிக்கெட்டோ, மெயின்லேண்டுக்குப் பார்சலோ, விவரம் தெரிந்த ஒருவர் கையில் எல்லோரும் கொடுத்துவிடுவதுதான் இங்கே வழக்கம். வங்காளி, தெலுங்கு, மலையாளி என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினோம். எல்லோரும் ரொக்கமாகவே கொடுத்தார்கள். ஊருக்குப் போகச் சேர்த்து வைத்திருந்ததை நானும் போட்டேன். அந்த வருஷம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

மறு வருஷம் அவன் வீட்டில் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. எல்லோரையும் கூப்பிட்டு ஐஸ்கிரீம் கொடுத்தான்.

"ஏது தம்பி, லாட்டரி அடிச்சுதா?" என்று கேலி செய்தேன்.

"இன்கம் டாக்ஸ் ரீஃபண்டு அக்கா. நிவாரண நிதிக்குக் கொடுத்தா வரியில கழிச்சுக்கலாமே? மொத்தத்தையும் என் அக்கவுண்டுலேர்ந்து, என் பேர்லதானே அனுப்பினேன்" என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல். கொடுத்தவர்கள் எல்லாம் ஸ்பூனும் கையுமாக நின்றிருந்தார்கள்.

ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அது எங்க எல்லார் பணமும் தம்பி."

"உங்களுக்குத்தான் வரியே கிடையாதே அக்கா. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வீட்டுக்கு வந்து அழுதேன். என்ன நஷ்டம் என்று எனக்கே அன்று சொல்லத் தெரியவில்லை. கூட நடக்கவைத்து என்னை ஏமாற்றிவிட்டான் என்பது மட்டும் வயிறெரியத் தெரிந்தது. அப்புறம் அவனுக்கு மாற்றல் வந்தது. ஃபிரிட்ஜோடு போய்விட்டான்.

போன மழையில் எங்கள் தீவுகளிலேயே, ரங்கத் பக்கம் வயலும் வீடும் முழுகிப்போயின. இந்தத் தடவை நான் மட்டும் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் கதவு, வங்காளிப் பெண்ணுடையது. தமிழ்நாட்டு வெள்ளத்தின்போது எல்லோருக்கும் முன்னால் பணத்தை எடுத்துக் கொடுத்தவள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள்.

"இஸ் பார் க்யா லேங்கே, தீதி? வாஷிங் மெஷின்?"

இந்தத் தடவை என்ன வாங்கப்போகிறீர்கள் என்கிறாள். என்னை. அவனோடு அவள் வாசலில் நின்றவள் நான்தானே.

என் வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.