ஏழு மடுக்கள், ஓர் அட்டவணை

சட்டக் கல்லூரியின் கடைசி வருடத்தில் என் தோழிகள் ஃபோனில் மாப்பிள்ளைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மசோதாக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நிறைவேறிய சட்டங்கள் எனக்குச் சலிப்பு. அறிமுகத்தோடு செத்துப்போனவை, கொண்டுவந்தவரே திரும்பப் பெற்றவை, இவைதான் பிடிக்கும். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு, நான் எழுதியிருந்தால் இது பிழைத்திருக்கும் என்று நினைப்பேன். இருபத்து மூன்று வயதில் இப்படி நினைப்பதற்கு யாரும் நமக்குத் தண்டனை தருவதில்லை. அது வேறு யாருக்காவது போய்ச் சேரும்.

அந்த வருடம்தான் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தனிநபர் மசோதா எழுதித் தர மாணவர்கள் தேவை என்று கல்லூரியில் அறிவித்தார்கள். அமைச்சர் கொண்டுவந்தால் அது அரசு மசோதா. சாதாரண உறுப்பினர் தன் பேரில் கொண்டுவந்தால் தனிநபர் மசோதா. பொருள், ஆற்று மீன். ஒரே ஆற்றில் இரண்டு கரைக்காரர்களும் பிடிக்கிற மீனை யார் நிர்வகிப்பது, குத்தகைக்காரரா, பிடிக்கிறவர்களே சேர்ந்தா? உறுப்பினருக்கு மீன் மேல் ஓர் அக்கறையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தொடரில் ஒரு தடவையாவது அவர் பேர் பேப்பரில் வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் வேறு யாரும் தூக்கவில்லை.

திருச்சியில் என் வீடு இருந்த காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஸ்ரீரங்கம், பிறகு பஞ்சக்கரை ரோட்டில் நடை. கோடையில் கொள்ளிடத்தை ஆறு என்று சொல்லவே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். எப்போதோ மணல் அள்ளிய ஆழமான பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். மடு என்பார்கள். வெள்ளம் வடிந்த பிறகு மிச்சமிருக்கிற மீனெல்லாம் அங்கேதான் அடைந்து கிடக்கும். வடகரைக்காரர்களும் தென்கரைக்காரர்களும் நாலு மாதம் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

முதல் நாள் நான் போனபோது ஒரு மடுவின் ஓரத்தில் வீச்சு வலைகள் வரிசையாக மணலில் கிடந்தன. ரேஷன் கடையில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டு ஜனங்கள் டீ குடிக்கப் போவார்களே, அதுபோல. பக்கத்தில் ஓர் அம்மா மட்டும் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இதெல்லாம் யாரோட வலைங்கக்கா?"

"ஏன், தூக்கிட்டுப் போகப் போறியா?"

"இல்லக்கா, சட்டம் படிக்கிறேன்."

"அப்ப தூக்கிட்டுத்தான் போவ."

அவர் தென்கரைக்காரர். புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். கணவரின் வலையை அவரே வீசினார். இரண்டு கரையிலும் வலை வீசிய ஒரே பெண். எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். அவர்கள் விடவில்லை, வரிசைதான் விட்டது என்றார். விடிகிற நேரத்தில் வலையைக் கொண்டுவந்து மணலில் போட வேண்டும். போட்ட வரிசையில்தான் வீசுவது. ஒரு நாள் வடகரை வலைகள் முன்னால், மறுநாள் தென்கரை வலைகள் முன்னால். மணலில் கிடக்கிற வலையை அதன் சொந்தக்காரர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. எத்தனை சண்டை நடந்தாலும், மண்டையே உடைந்தாலும், வலையை மட்டும் தொட மாட்டார்கள்.

"அவரு காரியம் முடிஞ்ச மறுநாளு கொண்டாந்து போட்டேன். கொழுந்தனுங்க ரெண்டு பேரும் கத்துனானுங்க. வடகரைக்காரன் சிரிச்சான். எவனும் தொடல. எப்படித் தொடுவான்? ஆளப் பாத்து முறை குடுக்கறதா இருந்தா நான் எப்பவோ வெளிய."

எனக்குப் புல்லரித்தது. நோட்டில் 'முறை ஆளுக்கு இல்லை, வலைக்கு' என்று எழுதி மூன்று கோடு போட்டேன். மசோதாவின் நான்காம் பிரிவு அந்த இடத்திலேயே, அந்த மணலிலேயே, என் மடியில் பிறந்துவிட்டது. அந்த அம்மாவின் முகத்தைக்கூட அன்று சரியாகப் பார்த்தேனா என்பது சந்தேகம்.

"எழுதிக்க," என்றார் அவர். "வலை, வரிசை, எங்க சண்டை, எல்லாம் எழுதிக்க. மடு எங்கெங்க இருக்குன்னு மட்டும் எழுதாத."

"ஏங்கக்கா?"

"தண்ணி ஆபீஸ்ல கேட்டா அது வெறும் மணலுங்கறான். மீன் ஆபீஸ்ல கேட்டா எங்க லிஸ்ட்ல இல்லங்கறான். லிஸ்ட்ல இல்லாததாலதான்மா நாங்க சோறு திங்கறோம்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அப்போது பதில் தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்த வயது அது. எல்லை குறிப்பிடாத உரிமை கோர்ட்டில் நிற்காது என்று சொன்னேன். நாளைக்கு எவனாவது வந்து இது என் இடம் என்றால் எதைக் காட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"வலையக் காட்டுவேன்."

"ஜட்ஜுகிட்ட வலையக் காட்ட முடியாதுக்கா," என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வடகரைப் பக்கம் எல்லாருக்கும் மூத்தவராக ஒருவர் இருந்தார். பரிசல் வைத்திருந்தார். அவர் உடனே தலையாட்டினார். "படிச்ச புள்ள சொல்லுது, கேளு தங்கச்சி. சட்டம் வந்துட்டா நம்மள ஒருத்தனும் அசைக்க முடியாதுல்ல."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நான் பொறுப்புக்கா."

"நீ எந்த ஊரு?"

"காட்டூரு."

"அப்ப பஸ் ஏறிப் போற பொறுப்பு."

இருந்தாலும் காட்டினார். ஒரு வாரம், காலையில், தன் முறை முடிந்த பிறகு, மடு மடுவாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மூங்கிலைத் தண்ணீரில் இறக்கி, ஈரம் ஏறிய இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொள்வார். நான் டேப்பை வைத்து அளப்பேன். எங்கே விரால், எங்கே கெளுத்தி, எந்த மாதம் எது என்று சொல்வார். ஃபோனில் இடத்தைக் குறித்துக்கொள்வேன். மொத்தம் ஏழு. அவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள்: செருப்பு விட்ட மடு, குடிகாரன் மடு, இப்படி. சட்டத்தில் குடிகாரனுக்கு இடமில்லை என்று நான் மடு ஒன்று, மடு இரண்டு என்று எண் போட்டேன். வரைபடம், ஆழம், மீன், மாதம், வரும் பாதை, எல்லாம் சேர்த்து மசோதாவின் கடைசியில் அட்டவணையாக வைத்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

உறுப்பினரைப் பார்க்க முடியவில்லை. அவருடைய உதவியாளர் கன்டோன்மென்ட்டில் ஒரு மாடி ஆபீஸில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டே என் மசோதாவைப் புரட்டினார்.

"நல்லா எழுதியிருக்க பாப்பா. பாஸாகாது."

"ஏன் சார்?"

"வடகரை எந்தத் தொகுதி? தென்கரை எந்தத் தொகுதி?"

"வேற வேற சார்."

"பாத்தியா. இவங்களுக்கு ரெண்டு எம்.எல்.ஏ. இருக்காங்கன்னு நீ நெனைக்கற. அவரு பாத்துப்பாருன்னு இவரு இருப்பாரு, இவரு பாத்துப்பாருன்னு அவரு இருப்பாரு." ஒரு பஜ்ஜியை என் பக்கம் தள்ளினார். "குத்தகை எடுக்கறவங்க பத்துப் பேருதான். ஆனா பத்துப் பேரும் போஸ்டர் ஒட்டுவாங்க. உன் ஆளுங்க ஒட்டுவாங்களா? துறை வேற ரெண்டு. ரெண்டு துறையும் சேந்து ஒண்ணு செஞ்சு நான் பாத்தது மலர் வளையம் வெக்கறதுல மட்டும்தான். அதுக்கும் மேல, பக்கத்து மாநிலத்துலேருந்து வர்ற ஆறு. சபையில ஆறுன்னு வாயத் தொறந்தாலே தண்ணி, தண்ணின்னு கத்த ஆரம்பிச்சுடுவாங்க. நடுவுல உன் மீன் கெடந்து துடிக்கும். எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"அப்ப எதுக்கு சார் கொண்டு வர்றீங்க?"

"திரும்ப வாங்கறதுக்குத்தான். அமைச்சர் எழுந்து, அரசு பரிசீலிக்கும்பாரு. இவரு எழுந்து, நன்றி, வாபஸ்ம்பாரு. ரெண்டு பேர் பேரும் பேப்பர்ல வரும்." பிறகு அட்டவணைக்கு வந்தார். பஜ்ஜி எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பார்த்தார். "இது அருமை. இது மட்டும் ரொம்ப அருமை."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு படியில் தாவித் தாவி இறங்கினேன்.

அவர் சொன்னது சொன்னபடியே நடந்தது. மசோதா வந்தது, அமைச்சர் எழுந்தார், உறுப்பினர் வாபஸ் வாங்கினார். "டீ கூட ஆறல பாப்பா," என்று உதவியாளர் ஃபோனில் சொன்னார். "ஆனா ஃபைல் ரெண்டு துறைக்கும் பரிசீலனைக்குப் போயிருக்கு." பரிசீலனை என்ற சொல்லை நான் நம்பினேன். பஞ்சக்கரைக்குப் போய், இன்னும் உயிர் இருக்குக்கா என்று சொல்லிவிட்டுக்கூட வந்தேன். அந்த அம்மா என் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

அடுத்த கோடைக்கு முன்னால் குத்தகை ஏல அறிவிப்பு வந்தது. உதவியாளர்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே தூக்கிய கட்டைவிரல் ஒன்று, கீழே ஒரு வரி: 'உன் உழைப்பு வீண் போகல.' திறந்து பார்த்தேன். கொள்ளிடம் ஆற்றுப்படுகை, மடு ஒன்று முதல் மடு ஏழு வரை. என் வரிசை. என் ஆழம். என் மாதங்கள். மூங்கிலில் அந்த அம்மாவின் கட்டைவிரல் நின்ற இடங்கள் ஒவ்வொன்றும் மீட்டரில் இருந்தன. ஒன்றாக உட்காரவே உட்காராத இரண்டு துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து கீழே கையெழுத்துப் போட்டிருந்தன.

ஆட்சேபணை மனு எழுதினேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மூத்த வக்கீலிடம் ஓடினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவங்களுக்கு உரிமை இருக்குன்னு காட்ட இந்த வாபஸான மசோதா தவிர வேற என்ன இருக்கும்மா?" என்று கேட்டார். வலை இருக்கிறது சார் என்றேன். அவரும், நான் முன்பு சிரித்த மாதிரியே, நல்ல மனதோடு சிரித்தார்.

குத்தகை ஆரம்பித்த அன்று காலையில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொறுப்பு என்று சொன்னவள் ஆயிற்றே. அதற்கு அர்த்தம் போய் நிற்பது என்று நினைத்துக்கொண்டேன். கரையில் ஃப்ளெக்ஸ் பேனர். பிளாஸ்டிக் நாற்காலியில் குத்தகைக்காரர், வெள்ளைச் சட்டை, பார்க்க நல்ல மனிதராகவே இருந்தார். வடகரை ஆண்களையும் தென்கரை ஆண்களையும், அந்த அம்மாவின் கொழுந்தன்கள் உட்பட, கூலிக்கு எடுத்துவிட்டார். பெரிய இழுவலை ஒன்று தயாராக இருந்தது. அதன் பாதையில் மணலில் ஒரே ஒரு வீச்சு வலை கிடந்தது. அந்த அம்மா அதற்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"யாருதுங்க அது? எடுத்து ஓரமாப் போடுங்க," என்றார் குத்தகைக்காரர்.

யாரும் நகரவில்லை. அவர் திரும்பவும் சொன்னார், கோபப்படாமல், இன்றைக்குக் கூலி வேண்டாமா என்ற மாதிரி. பரிசல்காரர்தான் முன்னால் வந்தார். குனிந்தார். வலையைத் தொட்டார். நின்றவர்கள் எல்லாரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் ஈயக்குண்டுகள் சிக்காமல் அதை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

"மடிக்காத," என்றார் அந்த அம்மா. "தூக்கிப் போடு. மரியாதையெல்லாம் எதுக்கு இப்ப."

தூக்கிப் போட்டார்.

"நீங்க ஏம்மா நிக்கறீங்க," என்று குத்தகைக்காரர் அவரிடம் சொன்னார். "பொம்பளைங்களுக்கும் வேலை இருக்கு. மீன் வாங்க வர்றவங்களுக்கு வெட்டிக் குடுங்க. நெழல்ல உக்காந்து பாக்கற வேலை." அந்த அம்மா போய் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்? வீட்டில் உலை வைக்க வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் முதல் இழுப்பு வந்துவிட்டது. மடு நான்கு. விரால் மாதம். நான் எழுதியதுபோலவே. ஸ்ரீரங்கத்திலிருந்தும் வடகரை டோல்கேட்டிலிருந்தும் வண்டிகளில் வந்து ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நான் அந்த அம்மாவிடம் போகலாமென்று வரிசையை விலக்கிக்கொண்டு போனபோதுதான் பரிசல்காரர் குத்தகைக்காரரின் காதில் என்னவோ சொன்னார்.

குத்தகைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "அந்த மேப் போட்ட மேடம் நீங்கதானா? என்ன மேடம், சொல்லவேயில்ல! ஏழுல ஒண்ணுகூடத் தப்பு இல்லீங்க. எங்க ஆளுங்க மூணு மாசம் சுத்தினாலும் இப்படிப் போட மாட்டானுங்க." கூடைக்குள் கையை விட்டு, இருந்ததிலேயே பெரிய விராலை எடுத்தார். வாலால் அவர் மணிக்கட்டை அடித்துக்கொண்டிருந்தது. "மேடத்துக்கு வெட்டிக் குடும்மா. காசு வாங்காத. நம்ம வீட்டு ஆளு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மீன் அதற்குள் அந்த அம்மாவின் கைக்குப் போய்விட்டது. அவர் சாம்பலில் புரட்டிப் பிடித்தார். கட்டையால் தலையில் ஒரே அடி. செதிலை எடுத்தார், செவுளைக் கிள்ளினார், வயிற்றைக் கீறிக் குடலை வழித்துப் போட்டார். அவ்வளவு வேகமான கையை நான் பார்த்ததில்லை. இரண்டு கரையிலும் வலை வீசிய ஒரே பெண்ணின் கை.

"அக்கா, நான் வந்து..."

"பேச்சுக் குடுக்காத. கை வெட்டிக்கும்."

எனக்குப் பின்னால் நின்றவர், சீக்கிரம்மா, வெயில் ஏறுது என்றார். அந்த அம்மா நிமிர்ந்து, எனக்கு முன்னால் நின்ற ஆளைப் பார்த்த அதே பார்வையாக என்னையும் பார்த்தார்.

"குழம்புக்கா, வறுவலுக்கா?"

"குழம்புக்கு," என்றேன்.