தெல்தெனிய தாண்டினால் கொதிக்கும் ரேடியேட்டர்

புற்றுநோய் என்று சொன்ன அன்று நான் பயப்படவில்லை என்றால் அது பொய். ஆனால் பயந்தது சாவுக்கு. அறுத்து எடுத்தார்கள், பிறகு வந்த இரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக இருந்தது, சாவு தள்ளிப் போனது. அப்புறம் பார்த்தால் என்னை ஐந்து மாதம் வீட்டுக்குள் பூட்டி வைத்தது சாவு இல்லை, மூத்திரம்.

புரோஸ்டேட்டை எடுத்த பிறகு இரண்டு கிழமை குழாய் போட்டிருந்தார்கள். அதன் மறுமுனையில் ஒரு பை. அந்தப் பையை ஒரு துணிப்பைக்குள் போட்டு, நீள வாரில் தோளிலிருந்து இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, குண்டசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடை பழகினேன். மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க, திரும்பவும் டியூட்டிக்குக் கெளம்பிட்டீங்களா?"

இருபத்தாறு வருஷம் நான் கண்டி - ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் கொண்டக்டர். தோளில் தோல் பை தொங்காத நாள் கிடையாது. அவள் சொன்னதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தையல் இழுத்தது. அவளைத் திட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

குழாயைக் கழற்றிய பிறகுதான் உண்மையான கூத்து. தும்மினால் போகும், இருமினால் போகும், கதிரையை விட்டு எழுந்தால் போகும். எந்நேரமும் காற்சட்டைக்குள் பேட் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். முதல் தடவை அதை வாங்க மருந்துக் கடைக்கு மனைவிதான் போனாள். யாருக்கு என்று கேட்டார்களாம். "எங்க மாமியாருக்குன்னு சொல்லிட்டேன்" என்றாள். என் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம்! பாவம், மேலே போயும் அவளுக்கு நிம்மதி இல்லை.

நாள் போகப் போகக் குறையும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். பிளேன்டீயைக் குறைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மிஸ் பயிற்சி சொல்லித் தந்தார். ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்துவதுபோல அடியில் இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி, விட வேண்டும். எனக்கு இந்தப் பத்து எண்ணுவது சரிவரவில்லை. நான் பஸ் நிற்கும் ஹோல்ட் கணக்கில் பிடித்தேன். கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். குண்டசாலைச் சந்தியில் இறுக்கினால், அடுத்த ஹோல்ட் மனதில் வரும்வரை விடுவதில்லை. அங்கே விட்டு, மறுபடி இறுக்கி, மறுபடி விட்டு, திகன, தெல்தெனிய என்று போவேன்.

அப்படிப் போகும்போது பஸ் முழுவதும் திரும்பி வந்துவிடும். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறும் பேக்கரிப் பாண் பெட்டிகளின் சூடு. பத்திரிகைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து தூங்கும் டீச்சர்மார். தோட்டத்திலிருந்து மரக்கறிச் சாக்கோடு ஏறி, வைக்க இடம் கேட்டு என்னோடு மல்லுக்கு நிற்கும் பெண்கள். "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று எல்லாரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நான். முன்னால் ஸ்டியரிங்கில் அவன்.

அவன் என்றால் என் டிரைவர். ஹுன்னஸ்கிரியவில் பிறந்த முஸ்லிம் ஆள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பஸ்ஸில் இருந்தோம். மனைவியோடு பேசியதைவிட அவனோடு பேசியதுதான் அதிகம். சண்டை போட்டதும் அவனோடுதான் அதிகம். அந்தச் சண்டைக்கு ஒரே காரணம் ரேடியேட்டர்.

எனக்கு நேரம் என்றால் நேரம். டிப்போ கொடுத்த நேரத்துக்கு வண்டி போய்ச் சேர வேண்டும். வழியில் யாராவது வயதானவர் வந்து, "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க, அவசரம்" என்று கெஞ்சினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏறும்போதே போயிட்டு வந்திருக்க வேண்டியதுதானே?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். சனம் சிரிக்கும். மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார்.

நான் நிறுத்தமாட்டேன். ஆனால் தெல்தெனிய தாண்டி மேலே ஏறினால் மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிடும். டிரைவர் பாறை ஓரமாக வண்டியை ஒதுக்கிவிட்டு, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். "அஞ்சு நிமிசம். வேணுண்டா எல்லாரும் எறங்கி நில்லுங்க" என்பான். அந்த ஐந்து நிமிஷத்தில் ஆண்கள் பாறைக்குப் பின்னால் போய் வருவார்கள். பெண்கள் கொஞ்சம் மேலே இருந்த தேத்தண்ணிக் கடைப் பக்கம் போவார்கள். எங்கள் வண்டியின் வியாதி இவர்களுக்கு வசதியாகப் போயிற்று என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

டிப்போவுக்குக் கொடுக்கும் லொக் சீட்டில் எத்தனை தடவை எழுதினேன்! 'ரேடியேட்டர் கொதிக்கிறது.' டிப்போ மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். நான் விடவில்லை. எழுதி எழுதி, சத்தம் போட்டு, கடைசியில் புது ரேடியேட்டரே போட வைத்தேன். ஒரு கிழமை ஒழுங்காக ஓடியது. அடுத்த கிழமை அதே மூன்றாவது வளைவில் வண்டி நின்றது.

"புது ரேடியேட்டருமா கொதிக்குது?" என்று பாய்ந்தேன்.

"மல ஏறுறது வண்டிக்கும் கஷ்டந்தானே மச்சான்" என்று கேனை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது மாதம் அவன் டெலிபோன் எடுத்தான். ஹுன்னஸ்கிரிய வீட்டை விற்க விலை பேசிவிட்டானாம். புத்தளத்தில் மகளோடு போய் இருக்கப் போகிறானாம். "போறதுக்கு முன்ன ஒருக்கா நம்மட ரூட்ல ரெண்டு பேரும் பஸ்ல போவோம் மச்சான். எங்கட ஊட்டுல பகல் சாப்பிட்டுட்டு நீ திரும்பி வா."

காய்ச்சல் என்றேன். மறு கிழமை கேட்டான், முதுகு வலி என்றேன். வீட்டுக்குள் கதிரையில் திகன வரை பிடிக்கலாம். ஆடுகிற பஸ்ஸில் ஹுன்னஸ்கிரிய வரை? நான் பஸ் ஓட்டம் ஓடிய ரோட்டில், என் முகம் தெரிந்த சனத்துக்கு நடுவில், காற்சட்டையை நனைத்துக்கொண்டு நிற்பதா? அதைவிட அவனைப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

மூன்றாவது தடவை மனைவி டெலிபோனைப் பிடுங்கினாள். "ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணே, ரெடியா நிப்பாரு" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவரு புத்தளம் போயிட்டா நீங்க எந்தப் பஸ்ல போய்ப் பாப்பீங்க? அப்புறம் இந்தக் கதிரையிலயே உக்காந்து அழுவீங்க. அதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சாரம். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மனைவி பிளேன்டீ கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்றேன்.

"நீயா பிளேன்டீ வேணாங்கிற?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். எனக்கு ஆபரேஷன் நடந்தது அவனுக்குத் தெரியும். இந்த ஒழுக்கு தெரியாது. விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், இரண்டு பேட் வைத்து, கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பஸ் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தோம். திகன வரை சுகமாகப் போனது. எந்த ஹோல்ட்டில் யார் ஏறுவார்கள் என்று பழைய ஆட்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தான். தெல்தெனியவில் பஸ் நின்றபோதே எனக்கு முட்டிவிட்டது. இறங்கிப் போகலாம் என்றால் எழுந்தால் போய்விடும் என்று பயம். இறுக்கிப் பிடித்தேன். பஸ் மேலே ஏறத் தொடங்கியது. முதல் வளைவு. அவன் ஏதோ கேட்டான், என் காதில் விழவில்லை. இரண்டாவது வளைவில் கொஞ்சம் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆண்டவனே, இங்கே வேண்டாம், இவன் முன்னால் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

திடீரென்று அவன் எழுந்து நின்று சிங்களத்தில் சத்தம் போட்டான். நிறுத்துங்கள், எனக்கு இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம், அடக்க முடியாது, சாரத்திலேயே போய்விடும் என்றான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் இருந்து கொண்டக்டர் எரிந்து விழுந்தான்.

"ஏறும்போதே போயிட்டு வந்திருக்க வேண்டியதுதானே?"

சிங்களத்தில்தான் சொன்னான். ஆனால் அது என்னுடைய வார்த்தை. அச்சொட்டாக என்னுடையது. சனம் சிரித்தது. மடிப்புக் கலையாத சாரத்தோடு அவனும் சேர்ந்து சிரித்தான். "மச்சான், நீயும் வா, என்னெப் புடிச்சிக்க, வழுக்கும்" என்று என் கையைப் பிடித்து இறக்கினான்.

பாறைக்குப் பின்னால் நான் போய் முடிக்கும்வரை அவன் எனக்கு முதுகைக் காட்டி, கீழே தூரத்தில் தெரிந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நின்றான். சாரத்தைத் தொடக்கூட இல்லை.

"நீ போகலயா?"

"எனக்கு எங்க வருது?"

"அப்ப எதுக்கு நிப்பாட்டச் சொன்ன?"

"டிரைவர்ட கண்ணாடியில ஒன்ட மூஞ்சி தெரிஞ்சிச்சு. அந்தக் காலத்துல இருந்து எத்தன மூஞ்சி பாத்தீக்கிறேன் நான்."

அப்போதுதான் பார்த்தேன். அதே பாறை. அதே வளைவு.

"அப்ப அந்த ரேடியேட்டர்?"

"அது ஒரு நாளும் கொதிச்சில்ல மச்சான். ஒனக்குச் சென்னா நீ நேரம் நேரமெண்டு குதிப்ப. நீ கத்தினா அந்த ஆள் வெக்கத்துல செத்துப் போவான். ரேடியேட்டருக்கு வெக்கமா ஈக்கி?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நான் எத்தனை பேரை அப்படி நிற்க வைத்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அத்தனை பேருக்காகவும் இவன் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கொதிக்காத ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். நான் அதை லொக் சீட்டில் எழுதி முறைப்பாடு செய்திருக்கிறேன்.

"போதும் வா, பஸ் போயிரும்" என்றான்.

படியில் ஏறும்போது கொண்டக்டர் அவனைப் பார்த்து, இந்த நிலைமையில் தூரப் பயணம் தேவையா என்று முணுமுணுத்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு சீட்டுக்கு நடந்தான். அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவருக்கு ஒண்ணும் இல்ல" என்றேன் சிங்களத்தில். 'இஸ்ஸரஹட யன்ன' என்று கத்திய அதே குரல், இத்தனை காலத்துக்குப் பிறகும் கடைசி சீட் வரை போனது. "எனக்குத்தான். புற்றுநோய்க்கு ஆபரேஷன் செஞ்சது. அடக்க முடியாது. ஹுன்னஸ்கிரிய போறதுக்குள்ள இன்னொரு தடவையும் நிறுத்தச் சொல்லுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. கொண்டக்டர் என்னைப் பார்த்தான், பிறகு கீழே பார்த்தான். சொல்லுங்கள், நிறுத்துகிறேன் என்றான்.

நான் போய் உட்கார்ந்ததும் அவன் என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

"இருவது வருசமா கேன் தூக்கினேன் நான். எல்லாத்தயும் ஒரு நிமிசத்துல கெடுத்திட்டியேடா!"

சிரித்தேன். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.