கார்டில் ஏறிய ஆட்டக்காரன்

என் மகனுக்கும் மருமகனுக்கும் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே ஷிப்டு. கிரிக்கெட் நடக்கும் மாதங்களில்கூட இருவரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். ஆட்டமெல்லாம் முடிந்து, ஆட்களை ஏலம் எடுக்கும் காலம் வந்தால் போதும், வீடு ரெண்டாகிவிடும். அவனை ஏன் விட்டார்கள், இவனுக்கு எதற்கு இத்தனை கோடி, இந்த வருஷமும் நம்ம டீம் உருப்படாது என்று சாப்பிடும் தட்டில் கை காய்ந்துபோகும்வரை பேச்சு. நடுவில் நான் ஏதாவது கேட்டால், “உங்களுக்கு இதெல்லாம் தெரியாது அத்தை” என்பார் மருமகன், மரியாதையாகத்தான்.

எனக்கா தெரியாது? ஒரு டீமையே வாயைத் திறந்து கவிழ்த்தவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ரயில் பாதையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். பொங்கலுக்குப் பொங்கல் சுற்றியுள்ள ஏழு ஊர்களுக்கும் வாலிபால் போட்டி நடக்கும். போட்டி இரண்டே நாள். மீதி நாளெல்லாம் ரயில்வே கேட் பக்கத்து சைக்கிள் கடையில் அதைப் பற்றிய பேச்சு. எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், ஆயுசில் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் அவர் வராமல் பேச்சு ஆரம்பிக்காது.

“வலைக்கு மேல கை எட்டாத பசங்கள வச்சிக்கினு இன்னாத்த ஜெயிக்கிறது?” என்பார் சைக்கிள் கடைக்காரர்.

“போன வாட்டி ஒரு பாயிண்டுல போச்சுய்யா.”

“அந்த ஒரு பாயிண்டு அஞ்சு வருசமா போய்க்கினேதான் கீது.”

“ஒருத்தன் மெட்ராசுக்குப் போய்ட்டான். இன்னொருத்தன் பொண்டாட்டியோட பொன்னேரிக்குப் போய்ட்டான். நம்ம மச்சான் தூக்கிக் குடுக்கறான் அம்சமா. அத்த அடிக்க ஒரு ஆளு வோணுமா வாணாவா?” என்பார் நைனா.

அந்த மச்சான்தான் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார். குள்ளம். ஆனால் வலையோரம் நின்று பந்தை விரல் நுனியால் மேலே ஏற்றிவிட்டால் அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வருவது போலிருக்கும். அப்படி ஏற்றிப் பழகுவதற்கு அவருக்குத் தினமும் பந்து போட்டது யார்? நான்தான். சாயங்காலம் ஆனால் நான் போட, அவர் ஏற்ற, நான் ஓடிப்போய்ப் பொறுக்கி வர, “இன்னொண்ணு போடு பாப்பா” என்பார். இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை போடுவேன். ஊரில் வேறெந்தப் பெண்ணுக்கும் அந்த மைதானத்தில் இடம் கிடையாது.

அந்த வருஷம் புதிதாய் வந்த ஒரு கம்பெனி, தனக்கென்று ஒரு டீம் சேர்க்கப்போகிறது என்று பேச்சு வந்தது. பொங்கல் போட்டியின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க ஆபீசர் வருவாராம். ஜெயிக்கிற ஊரில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வாராம். “பர்மனென்ட்டு” என்று எல்லோரும் சாமி பெயரைப் போலச் சொன்னார்கள். மாமா அந்த வார்த்தை வரும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொள்வார். ஊரில் கால் காணி நிலம் இல்லாதவர் அவர். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஜெயித்தால் மாமா சந்தோஷப்படுவார்.

ஆடி மாதம் நைனா ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திராவுக்குப் போய் ஒருவனைக் கூட்டி வந்தார். வாசல் நிலையில் குனிந்துதான் நுழைந்தான். ஊரே அவனை நெட்டையன் என்றது. எங்கள் வீட்டில்தான் தங்கினான். எங்கள் கோழி தினம் ஒரு முட்டை இடும். அது எப்போதும் என்னுடையது. மறுநாள் காலையில் அது அவன் தட்டில் இருந்தது.

“எம்பி எம்பி அடிக்கிற புள்ளடி அது. நீ இன்னா எம்பற?” என்றாள் அம்மா.

முட்டையைக்கூட விட்டுவிடலாம். சாயங்காலம் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். மாமா பந்தை என்னிடமிருந்து வாங்கி நெட்டையனிடம் போட்டார். அவன் திருப்பிப் போட்டான், மாமா ஏற்றினார், அவன் எம்பி அடித்தான். பந்து தரையில் விழுந்த சத்தத்துக்கு முருங்கை மரத்துக் காக்கைகள் பறந்தன. நான் பொறுக்க ஓடினேன். “நீ ஊட்டுக்குப் போ பாப்பா, மேல கீல பட்டுடப்போவுது” என்றார் மாமா. என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

ஒரு சிக்கல் இருந்தது. ஊர் ரேஷன் கார்டில் பெயர் உள்ளவன்தான் அந்த ஊருக்கு ஆடலாம். ஏழு ஊரும் கூடிப் போட்ட சட்டம். வேட்டியைக்கூட அம்மா எடுத்துத் தந்தால்தான் கட்டுகிற எங்கள் நைனா, ஒரே வாரத்தில் மூன்று தடவை கார்டு எழுதும் இடத்துக்கு நடந்தார். நெட்டையன் எங்கள் வீட்டு மகன் ஆனான். அடுத்த வீட்டு அத்தை அம்மாவிடம், “ஏம்மா, பத்து வயசுலயே பெத்துட்டியா, அதுவும் இவ்ளோ ஒசரத்துக்கு?” என்று கேட்டுத் தெருவே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த கார்டை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் வீட்டில் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நைனா பெயர். அம்மா பெயர். மாமா பெயர். அதற்குக் கீழே புது மையில் நெட்டையன் பெயர், பக்கத்தில் ‘மகன்’. அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

“அது நீ பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கின கார்டு. நைனா போவசொல்ல சேத்துக்கலாம்னு உட்டது. ஏன், நீ இங்க சோறு துன்னாமயா கீற? போடி.”

ஒன்பது வருஷமாகப் போக நேரம் கிடைக்காதவர், அவனுக்காக மூன்று முறை போயிருக்கிறார். அன்று ராத்திரி என் சோற்றைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தேன். எதிரே அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் குரல்வளை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் வந்தது. கடைசி ஆட்டத்தன்று அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே, “யாரு கேட்டாலும் அண்ணன்னு சொல்லணும், இன்னா?” என்றாள். தலையை ஆட்டினேன். பின்னல் இழுத்ததால் ஆடியதா, நானாக ஆட்டினேனா என்று தெரியாது.

முதல் செட் எங்களுக்கு. மாமா ஏற்றுவார், நெட்டையன் அடிப்பான், எதிர் ஊர்க்காரர்கள் பந்தைப் பார்ப்பதற்குள் அது தரையில் இருக்கும். வெள்ளைச் சட்டை ஆபீசர் தன் நாற்காலியைக் கோட்டுக்கு இன்னும் கிட்டத்தில் போட்டுக்கொண்டார். மாமா ஓடிப்போய் நெட்டையனைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆயிரம் பந்து போட்டிருப்பேன், என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அப்போதுதான் எதிர் ஊர்க்காரர்கள் வலையைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

“இவன் ஆந்திராக்காரன் சார்! ஆட உடமாட்டோம்!”

விசில் வைத்திருந்தவர் ஒரு டிரில் மாஸ்டர். நைனா மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். மாஸ்டர் கார்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், நெட்டையனைக் கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு கோட்டோரம் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, இவரு உன் நைனாதானே? அப்போ இது யாரு உனக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். ஆடிக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தை முழுசாகப் பார்த்தார்.

“எனக்கு யாருமில்ல சார்” என்றேன். “அந்தக் கார்டுல எம்பேரே இல்ல. அவன் ஆடி மாசம் வந்தான், அவன் பேரு கீது. வோணும்னா படிச்சிப் பாருங்க.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் சிரிக்காமல் விசிலை ஊதி, கையை வெளியே காட்டினார். நெட்டையன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனான். அவனுக்குப் பதில் இறங்கிய பையனுக்கு வலை மூக்கு மட்டம்தான். மாமா ஏற்றிய பந்தெல்லாம் மேலே போய் நின்று, அடிக்க ஆளில்லாமல் இறங்கி வந்தது. ஆட்டம் முடிவதற்கு முன்பே ஆபீசரின் நாற்காலி காலியாகிவிட்டது.

நைனா செருப்பைக் கழற்றினார். மாமாதான் குறுக்கே வந்தார்.

“உடு மாமா. புள்ள பொய்யா சொல்லிச்சு?”

பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லாப் படிக்கிற பாப்பா” என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நெட்டையன் அன்றைக்கே ரயிலேறிவிட்டான். மறு மாதம் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, கீழே என் பெயரை எழுதி வாங்கி வந்தார் நைனா. மாமா பந்தைத் தொடுவதை விட்டுவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, அதே கம்பெனிக்குத்தான் அவர் வேலைக்குப் போனார், தினக்கூலிக்கு லாரியில் மூட்டை ஏற்ற. காலையில் தோளில் துண்டோடு அவர் கிளம்பும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். “எங்க மாமா கம்பெனில வேல செய்றாரு” என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கம்பெனி கேட்டுக்கு உள்ளே ஒரு வேலையும் வெளியே ஒரு வேலையும் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.