கழுகம்மா எனப்பட்ட எஸ்தரம்மாள்

திருப்பதி ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தேன். சித்தூர் சபைக்காரர் ஒருவர் வந்து, "உபதேசியாரே, நம்ம கழுகம்மா பூட்டாங்க" என்றார். செத்த பிறகுமா இந்தப் பெயர் என்று எரிச்சல் வந்தது. சண்டை போடத் தெம்பில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எஸ்தரம்மாளை உங்களுக்கெல்லாம் தெரியும். நம் சபையில் யார் இறந்தாலும் உடலைக் குளிப்பாட்டி, துணி உடுத்தி, பெட்டியில் கிடத்தியவர் அவர். அதன் பிறகுதான் என் ஜெபம். வாந்திபேதி வந்த வருஷம், பெற்ற பிள்ளைகளே தொட மறுத்த உடல்களை அவர் கழுவினார். அதற்கு நாம் கொடுத்த பட்டம்தான் அந்தப் பெயர்.

ஒருமுறை தோல் கிடங்குக்குப் பின்னால், செத்த மாட்டைச் சுற்றியிருந்த கழுகுகளைச் சிலர் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தரம்மாள் சத்தம் போட்டார். "அதுவா மாட்டைக் கொன்னுச்சு? செத்ததைத் துன்னுது. அதுங்க வரலன்னா நீங்க மூக்கைப் புடிச்சிக்கினுதான் திரியணும்."

பட்டத்தைவிடப் பயம்தான் மோசம். அவர் எட்டிப் பார்த்தாலே சாவு நிச்சயமாம். நோயாளி இருக்கும் வீட்டில் அவரைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள். ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிற சபைதான் நாம்! அவரும் அந்த வீடுகளைத் தவிர்த்து, தெருவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்.

சென்ற மாதம் புத்தூரில் அவர் தங்கை காய்ச்சலில் கிடந்தாள். நானும் அவரும் போனோம். அவர் வீட்டுக்கு எதிர்ப்புறம் எண்ணெய்க் கடை ஓரம் வெயிலிலேயே நின்றுவிட்டார். "நான் நுழைஞ்சா அது பயந்தே பூடும். நீங்க போயி, கஞ்சி குடிக்குதான்னு பாத்துக்கினு வந்து சொல்லுங்க" என்றார். நான் உள்ளே போனபோது தங்கை நினைவில்லாமல் கிடந்தாள். இரண்டு வாய் இறங்கியதாக வீட்டார் சொன்னதை வந்து சொன்னேன். முகம் பார்க்காமலே ஊர் திரும்பினார்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். அவள் தேறி சித்தூர் வருவதற்குள் அக்கா போய்விட்டார். அந்த உடலைக் குளிப்பாட்ட நம் சபையில் ஒருவரும் முன்வரவில்லை. இன்னும் சரியாக எழுந்து நிற்கவே முடியாத அந்தத் தங்கைதான் வந்து குளிப்பாட்டினாள். "தெருவுலயே நின்னுட்டுப் பூட்ச்சாமே, உபதேசியாரே. நான் ஏன் பயப்படப் போறேன்? அக்கா வரும், தலையத் தொடும்னுதானே கெடந்தேன்" என்று அழுதாள்.

எத்தனையோ பேரை அடக்கம் செய்து களைத்துவிட்டேன். எல்லாம் மறந்தாலும், அந்தக் கடையோரம் நின்ற எஸ்தரம்மாளை மட்டும் மனதில் வைத்துக்கொள்வேன். இனி அவரைக் கழுகு என்பவர்களோடு சண்டையும் போடமாட்டேன். உயிர் இருக்கும்வரை கழுகும் ஓர் உடலின் கிட்டே வராது; அவரும் அப்படித்தான் தெருவிலேயே நின்றார்.