போலாம் என்று காட்டிய பக்கம்

திருவிடந்தையில் எங்கள் குப்பத்துக்கென்று ஓர் இணையப் பக்கம் நடத்தினேன். காற்று, அலை முன்னறிவிப்பைத் தானாக எடுத்துக் கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை காட்டும்: போலாம், அல்லது வேணாம். தேதி, நேரம் கிடையாது. அதெல்லாம் கண்ணுக்கு இடைஞ்சல் என்று நானே எடுத்துவிட்டேன். பார்ப்பவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவன் என் தம்பி. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன்.

அந்தப் பக்கத்தை ஓட்ட ஒரு மெஷின் தேடிச் செங்கல்பட்டுக்குப் போனேன். பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர் பாய், ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்பைக் காட்டினார். மலிவுதான். ஆனால் கரண்ட் தின்னும். அதன் ஃபேன் உப்புக் காற்றை இழுத்து உள்ளே எல்லாவற்றையும் அரிக்கவிடும். ஃபேனே இல்லாத, உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை எடுத்தேன். அதுவரை என் புத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

"மெமரி கார்டு வேணாம் அண்ணாத்த. ஓயாம எழுதிகினே இருந்தா சீக்கிரம் பூடும். சின்னதா ஒரு எஸ்எஸ்டி போட்டுக்க," என்றார் பாய்.

"நாப்பது பேர் பாக்குற பேஜுக்கு அது இன்னாத்துக்கு பாய்?" என்று சிரித்தேன். பழைய போனிலிருந்து கழற்றிய கார்டையே செருகினேன். கஞ்சத்தனம். அதற்கு வேறு பெயர் இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, ஜன்னல் படபடவென்று அடித்துக்கொள்ள விழித்தேன். வெளியே பேய்க்காற்று. பக்கத்தைத் திறந்தேன். போலாம் என்றது. போர்டுக்குள் நுழைந்து பார்த்தால், கடைசியாகப் பதிவானது முந்தின நாள் காலையில். கார்டு தேய்ந்துபோய்ப் புதிதாக எதையும் ஏற்காமல், பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. சனியன், ஒரேயடியாகச் செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா?

தம்பியின் போன் கிடைக்கவில்லை. கரைக்கு ஓடினேன். மற்ற படகுகள் எல்லாம் மணலிலேயே கிடந்தன.

"உன் தம்பிகிட்ட சொன்னோம், கேக்கல," என்றார் அங்கே வலை மடித்துக்கொண்டிருந்தவர். "'எங்கண்ணன் பேஜுல போலாம்னு கீது'ன்னு ரெண்டு பேர இட்டுகினு பூட்டான்."

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தம்பி மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். "வந்துடுவாரு இல்ல?" என்று என்னிடம்தான் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பத்து மணிக்கு மேல் படகு கரையேறியது. வலையைக் கடலிலேயே அறுத்து விட்டிருந்தார்கள். கூடப் போன இருவரும் இறங்கியதும் மணலில் விழுந்து வாந்தி எடுத்தார்கள். தம்பி நடுங்கிக்கொண்டே என்னிடம் வந்தான்.

"கடல் திடீர்னு மாறிடிச்சுண்ணா. உன் மேல தப்பு இல்ல."

தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"கடல் மாறலடா. நீ பாத்தது நேத்து போட்டது. கார்டு கெட்டுப்போச்சு. பாய் சொல்லியும் நான்தான் கேக்கல."

அவன் மணலில் கிடந்த இருவரையும் திரும்பிப் பார்த்தான்.

"வரமாட்டேன்னாங்க ரெண்டு பேரும்," என்றான். "உன் பேஜக் காட்டித்தான் இட்டுகினு போனேன். அவுங்ககிட்ட நீயே போய் சொல்லு."