லோயிஸ் சொன்ன சாட்சி

லோயிஸ் என் சித்தி மகள். திருத்தணி தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மூட்டுவலியும் கன்னத்தில் சிவந்த தடிப்புமாக ஆரம்பித்ததை, சென்னையில் லூபஸ் என்றார்கள்.

அங்கே பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. "கிருமியோட சண்டை போடற செல்லுங்களுக்கு நடுவுலயே, 'போதும், நிறுத்து'ன்னு அடக்கற செல்லும் இருக்கும்மா. டி செல்லுல ஒரு வகை. சண்டைக்காரங்களுக்குப் போற தீனியை அதுங்க தின்னுடும். எதிரியைக் காட்டிக்கொடுக்கிற செல்லோட வாயையும் அடைச்சிடும். உனக்கு அதுங்களுக்குப் பலம் பத்தலை. அதான் சண்டைக்கார செல்லுங்க உன் உடம்பையே எதிரின்னு அடிக்குதுங்க. இப்போ மாத்திரைதான் அடக்கி வெச்சிருக்கு. நீயா நிறுத்தினா கிட்னியில கை வெச்சிடும்" என்றார்.

"ஆங், சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

மாத்திரையில் வலி போனது, முகம் ஊதியது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவனெல்லாம், "இன்னாம்மா, மூஞ்சி வீங்கிகினு போவுது?" என்று கேட்டான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடுத்தவர் முகத்தைச் சும்மா விடத் தெரியாது.

ஒரு உபவாச ஜெபத்தில், வலி இல்லாத சந்தோஷத்தில் எழுந்து, கர்த்தர் தன்னைச் சுகமாக்கிவிட்டார் என்று சாட்சி சொன்னாள். சபை முழுக்க அல்லேலூயா. சாட்சி சொன்ன வாயில் மாத்திரை போட்டால் கர்த்தரிடம் பொய் சொன்னதாகிவிடும் என்று மறுநாளே நிறுத்திவிட்டாள். 'மருந்தையும் சாப்பிடும்மா' என்று சொல்ல அந்தச் சபையில் ஒரு ஆள் இல்லை. நான் போய்க் கத்தினேன். "அவ விசுவாசத்தைக் கெடுக்காதீங்கக்கா" என்று அவள் கணவன் ரூபஸ் வாசலை மறித்தான்.

சில வாரங்களில் முகம் வற்றிப் பழைய அழகு வந்தது. மாத்திரை நின்றால் அந்த ஊதல் வடியத்தான் செய்யும். பாஸ்டரோ அவளை முன்னால் நிற்கவைத்து, அந்த முகத்தை எல்லோருக்கும் காட்டினார். சிறுநீர் நுரைத்ததைப் பற்றியும் கால் வீங்கியதைப் பற்றியும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் சாட்சி என்னாவது? கடைசியில் கடையிலேயே மயங்கி விழுந்தாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

இப்போது திருவள்ளூரில் டயாலிசிஸ். போன வாரம் நான்தான் துணைக்குப் போனேன்.

"சபையில என்னைப் பத்தி இன்னாக்கா பேசிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு மூடிமறைக்க வராது. "உனக்கு விசுவாசம் பத்தலையாம்."

ரத்தம் ஓடும் குழாய் இழுபடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"விசுவாசம் இல்லாமலா அக்கா அந்த மாத்திரைய நிறுத்தினேன்?"